எடை பார்க்கிற நாள்

எடை பார்க்கிற நாளென்றால் வேலாயிக்குக் கல்யாண வீட்டுக் காலை மாதிரி. முதல் நாளே தலைக்கு ஊற்றிக்கொள்வாள். இருப்பதில் நல்ல சேலையை எடுத்து மடித்து வைப்பாள். அலோர் காஜா பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் ஆயாக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. பால்மரம் வெட்டப் போகிற தாய்மார்கள் விடியுமுன்பே கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மாதம் ஒருமுறை தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸர் ரங்கசாமி தராசோடு வருவார். கொட்டகை விட்டத்தில் தராசைக் கொக்கி போட்டு மாட்டி, துணித் தூளியில் பிள்ளைகளை ஒவ்வொன்றாக வைத்து முள்ளைப் பார்ப்பார். முள் ஏறியிருந்தால் "சபாஷ் ஆயா" என்பார். ஏறாவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே வேலாயி எடை நாள் காலையில் பிள்ளைகளுக்குக் கஞ்சியில் இன்னொரு கரண்டி இனிப்பு டின் பால் விட்டு, வயிறு முட்டக் கொடுத்துவிடுவாள். தில்லுமுல்லுதான். ஆனால் அன்றைக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் எலும்பும் தோலுமாக இருந்த இருப்புக்கு, ஒரு கரண்டி கூடக் கொடுத்தது குற்றமென்று யார் சொல்ல முடியும்?

பிறகு தோட்டம் கைமாறியது. ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு, வெள்ளைப் பந்தை அடித்து விளையாடுவதற்குப் புல் வளர்த்தார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் மூலைக்கொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். வேலாயியின் புருஷன் தம்புசாமி அதற்கு முந்தின வருஷமே கண்ணை மூடிவிட்டிருந்தான். ஊரார் பிள்ளைகளையெல்லாம் இடுப்பில் சுமந்தவளுக்குத் தன் பிள்ளை என்று ஒன்று வாய்க்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லி, செங் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் சுசீலா டீச்சர் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் சமையலுக்குச் சேர்ந்தாள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், லிஃப்ட் இல்லாத அடுக்குமாடியின் உச்சியில் ஒரு வீடு. காட்டுக்குப் பால் வெட்டப் போன அம்மாக்களின் மகள்கள் இப்போது ஃபேக்டரிக்குப் போனார்கள். போகிற வழியில் பிள்ளைகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் அவள் ஆயாதான்.

ஆகவே கிளினிக்கிலிருந்து நர்ஸ் மிஸ்ஸி வந்து பிள்ளைகளுக்கு எடை பார்க்கப் போகிறார் என்று டீச்சர் சொன்னதும் வேலாயிக்குக் கால் தரையில் பாவவில்லை. எத்தனை வருஷம் கழித்து வந்திருக்கிறது. அன்றைக்கு விடியற்காலையிலேயே வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். கஞ்சி கொதித்தது, டின் பால் தாராளமாக இறங்கியது. பவானிக்கு மட்டும் இரண்டு கிண்ணம்.

பவானேஸ்வரி என்பது முழுப் பெயர். ஃபேக்டரியில் வேலை செய்யும் மோகனாவின் ஒரே மகள். ஐந்து வயது முடியப்போகிறது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையின் சட்டைதான் பொருந்தும், அதுவும் வயிற்றுப் பக்கம் பிடிக்கும். கன்னம் இரண்டும் உப்பி, கண் சின்னதாகிவிட்டிருந்தது. வேலாயியின் கண்ணுக்கு அந்தக் காப்பகத்திலேயே லட்சணமான பிள்ளை அவள்தான். மற்றதெல்லாம் வெயிலில் காய்ந்த கருவாடு.

மிஸ்ஸியின் பெயர் வாணி. சின்ன வயசு, அமைதியான பேச்சு. தராசைத் தரையில் வைத்தார். விட்டமும் வேண்டியிருக்கவில்லை, தூளியும் வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். பவானி ஏறியதும் மிஸ்ஸி குனிந்து பார்த்தார். இறங்கச் சொல்லி, மறுபடி ஏறச் சொன்னார்.

"இங்க சமையல் யாரு?" என்று கேட்டார்.

வேலாயி அதற்காகத்தான் கதவோரம் காத்துக்கொண்டிருந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக முன்னால் வந்தாள். "நாந்தான் மிஸ்ஸி. அவளுக்கு நாந்தான் பாத்துப் பாத்து குடுக்குறது."

"என்னா குடுக்குறீங்க?"

வேலாயி ஒன்று விடாமல் சொன்னாள். காலையில் கஞ்சி, டின் பால். பத்து மணிக்கு ரொட்டி, அதன் மேல் டின் பால். மத்தியானம் சோறு, பவானி கேட்டால் இன்னொரு தரம், கேட்காவிட்டாலும் இன்னொரு தரம். சாயங்காலம் வீட்டுக்குப் போகுமுன் இனிப்புத் தண்ணீர். சொல்லச் சொல்ல மிஸ்ஸியின் முகத்தில் சபாஷ் வரக் காணோம்.

"தூங்கும்போது கொறட்டை விடுறாளா ஆயா?"

"ஆமா மிஸ்ஸி. நல்ல தூக்கம், பெரிய மனுசன் மாதிரி. சில நேரம் மூச்சே காணாது, அப்புறம் திடீர்னு இழுத்து விடுவா."

சுசீலா டீச்சர் தரையைப் பார்த்தார். மிஸ்ஸி பவானியை விளையாடப் போகச் சொல்லிவிட்டு, குரலை உயர்த்தாமலே பேசினார். "ஆயா, உங்களைக் குத்தம் சொல்றேன்னு நெனைக்காதீங்க. இந்தப் பிள்ளைக்கு எடை அளவுக்கு மேல போயிருச்சு. இப்பவே பாக்கலன்னா பின்னால சக்கரை, ரத்த அழுத்தம்னு வரும். இளைக்க வைக்கணும்னு சொல்லல, பட்டினியும் போடக் கூடாது. ஏறாம நின்னாப் போதும். அவ உசரம் வளர வளர சரியாயிரும்."

"ஏறாம நிக்கணுமா?" என்று வேலாயி கேட்டாள். அப்படியொரு வார்த்தையை அவள் ஜென்மத்தில் கேட்டதில்லை.

"ஆமா. டின் பாலை நிறுத்திருங்க. தாகத்துக்கு வெறும் தண்ணி. சோத்தக் கொறைச்சு கீரை, காய் கூட வைங்க. அவளுக்கு மட்டும் தனியா வேணாம், எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. காலையில டிவிய மூடிட்டு எல்லாரையும் வெளிய விட்டு ஓட விடுங்க டீச்சர். முக்கியமா அவள."

மிஸ்ஸி போன பிறகு வேலாயி அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூக்குக்கண்ணாடிக்கு மேலான அந்தப் பார்வையே தேவலாம் என்றிருந்தது. நல்ல சேலையை வேறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

டீச்சர் மிஸ்ஸி சொன்னதைத் தட்டவில்லை. மறுநாளிலிருந்து டிவிக்கு மேல் ஒரு துணி விழுந்தது. காலையில் வெயில் ஏறுமுன் பிள்ளைகள் வீட்டோரத்து முற்றத்துக்கு விரட்டப்பட்டார்கள். வேலாயியும் தட்டில் கீரையை வைத்தாள், சோற்றைக் குறைத்தாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது, ஒன்றைத் தவிர. பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு அடியில், சோடாத்தூள் டப்பாவுக்குப் பின்னால், ஒரு டின் பால் மிச்சம் இருந்தது. அது தீர்ந்தால் இன்னொன்று வந்தது.

ஏன் என்று கேட்டால், பவானி அடுப்படியில்தான் இருந்தாள். மிஸ்ஸி வருவதற்கு வெகு நாள் முன்பிருந்தே அப்படித்தான். மற்றப் பிள்ளைகள் பிடித்து விளையாடும்போது முதலில் மாட்டுகிறவள் அவள்தான். மாட்டினால் அவள் போய் மற்றவர்களைப் பிடிக்க வேண்டும். அவளால் யாரைப் பிடிக்க முடியும்? பிரவின் என்றொரு வாலு, அவள் மூக்குக்கு முன்னால் வந்து ஆடிவிட்டு, "கெமோக், கெமோக்" என்று பாடிக்கொண்டே ஓடுவான். குண்டு என்பதை மலாயில் சொன்னால் இன்னும் கொஞ்சம் வலிக்கும்போல. பவானி இரண்டு எட்டு ஓடி, நின்று, மேல்மூச்சு வாங்கி, அப்படியே திரும்பி அடுப்படிக்கு வந்துவிடுவாள். கவிழ்த்துப் போட்ட வாளி ஒன்று அங்கே அவளுக்காகவே கிடந்தது. அதில் உட்கார்ந்து, "ஆயா, இன்னும் கொஞ்சம்" என்பாள்.

அந்த "இன்னும் கொஞ்சம்" இருக்கிறதே, அதைக் கேட்பதற்காகத்தான் வேலாயி காலையில் எழுந்தாள் என்று சொல்லிவிடலாம். அவள் வீட்டில் அவள் சமையலைச் சாப்பிட ஆள் கிடையாது. ஒருத்திக்கு என்ன சமையல்? அரிசியைக் கழுவும்போதே அலுப்பு வந்துவிடும். பக்கத்து வீட்டு டிவி சுவர் வழியாகச் சிரிக்கும். மீட்டர் பார்க்கிற ஆளைத் தவிர அந்தக் கதவை யாரும் தட்டியதில்லை. அவனும் பெயரைக் கேட்டதில்லை. தம்புசாமி சாப்பிட்டுக் கை கழுவும்போது ஒரு ஏப்பம் விடுவான். அந்தச் சத்தம் போனதிலிருந்து தன் சோற்றில் உப்பு சரியா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. காப்பகத்தில் வாளி மேல் உட்கார்ந்து ஒரு பிள்ளை வாய் ஓயாமல் பேசி, வாய் ஓயாமல் சாப்பிட்டது. அதைப் போய் வெளியே விரட்டச் சொன்னால்?

அதனால் ரொட்டியில் டின் பாலைத் தடவி, மடித்து, பவானியின் கையில் வைத்து, "டீச்சர்கிட்ட சொல்லாதே கண்ணு" என்பாள். பவானியும் சொல்ல மாட்டாள். இரண்டு பேருக்கும் ஒரு ரகசியம் இருந்தது. ரகசியம் இருக்கிற இடத்தில் உறவும் இருக்கிறதென்று வேலாயி நினைத்துக்கொண்டாள். பாசம் என்று அதற்குப் பெயர் வைத்தாள். பாசமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதில் பாதி பயம்.

ஒரு சாயங்காலம் மோகனாவிடமிருந்து டீச்சருக்கு ஃபோன் வந்தது. ஃபேக்டரியில் ஓவர்டைமுக்கு நிறுத்திவிட்டார்கள், ஒரு மணி நேரம் ஆகும். அவள் புருஷன் சிங்கப்பூரில் வேலை. வந்து கூட்டிப்போக வேறு ஆள் இல்லை. டீச்சருக்கோ கோயிலில் உபயம், கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பியாக வேண்டும்.

"நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன் டீச்சர்," என்றாள் வேலாயி. கேட்டு முடிக்குமுன்பே சொல்லிவிட்டாள். "மோகனாவுக்கு என் பிளாட்டு தெரியும்."

வழியில் கடையில் நிறுத்தி இனிப்புப் பன்னும் எண்ணெயில் பொரித்த கறிபாப்பும் வாங்கிக்கொண்டாள். விருந்தாளி வருகிறதென்றால் வெறும் கையோடா போவது? வீட்டில் இரண்டு தட்டு எடுத்து வைக்க வேண்டும், இரண்டாவது தட்டு மேல் அலமாரியில் இருக்கிறது, தூசி துடைக்க வேண்டும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தாள். பவானியின் கை அவள் கைக்குள் சூடாகவும் பிசுபிசுப்பாகவும் இருந்தது. எதிர்ப்பட்ட கீழ்வீட்டுச் சீனக் கிழவியைப் பார்த்து வேலாயி தானாகச் சிரித்தாள்.

முதல் மாடிப் படியை பவானி கைப்பிடியைப் பிடித்து ஏறிவிட்டாள். அடுத்த மாடிக்கு ஏறும்போது நின்று நின்று ஏறினாள். பாதி வழியில் படி திரும்புகிற இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகம் ரத்தச் சிவப்பாகி, உதடு வெளுத்திருந்தது. நெஞ்சுக்குள் ஏதோ விசிலடித்தது.

"கொஞ்சம்தான் கண்ணு. இன்னும் ரெண்டு மாடிதான்."

"முடியல ஆயா. முட்டி வலிக்கிது."

"அட, இவ்வளவுதானா? வா, ஆயா தூக்கிக்கிறேன்." தோட்டத்தில் இடுப்புக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று என்று இரண்டு பிள்ளைகளைச் சுமந்துகொண்டு மழையில் ஓடியவள் அவள். குனிந்து பவானியின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். பிள்ளை அசையவில்லை. மறுபடியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். இடுப்பில் எங்கோ சுளுக்கென்றது. பவானியின் சட்டை மட்டும் மேலே ஏறி வயிறு தெரிந்தது. பிள்ளை வெட்கப்பட்டுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டது.

வேலாயி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். தான் ஊட்டி வளர்த்த பிள்ளையைத் தன்னாலேயே தூக்க முடியவில்லை. என்ன செய்வதென்று தெரியாதபோது வழக்கமாக எதைச் செய்வாளோ அதைச் செய்தாள். பையிலிருந்து பன்னை எடுத்து நீட்டினாள். "இந்தா, சாப்புடு. பசிக்குதுல்ல?"

பவானி பன்னை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். கடிக்கவில்லை. "பசிக்கல ஆயா."

"அப்பறம் ஏன் தெனமும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு கேக்குற?"

பவானி யோசிக்கவேயில்லை. "தட்டு காலியானா வெளிய போகச் சொல்வீங்கல்ல? சாப்டுக்கிட்டே இருந்தா டீச்சர் கூப்புட மாட்டாங்க. உங்ககூடவே இருக்கலாம்லா."

வேலாயி ஊட்டியது பிள்ளை போய்விடக் கூடாதென்று. அது தின்றது அனுப்பிவிடக் கூடாதென்று. இடையில் பசி என்ற ஒன்று எங்கேயும் இருந்திருக்கவில்லை. பிள்ளையின் கையிலிருந்து பன்னை மெதுவாக வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இருட்டத் தொடங்கியிருந்தது. இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மோகனா வந்து அவர்களை அப்படித்தான் பார்த்தாள். ஃபேக்டரி நீலச் சட்டையோடு, கையில் ஹெல்மெட்டோடு, படியேறி வந்தவள் திகைத்து நின்றாள். "என்னா ஆயா, இங்க உக்காந்திருக்கீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். காற்றுக்காக என்றால் நம்பியிருப்பாள். வேலாயியால் முடியவில்லை. "ஏற முடியல மோகனா. நான் தூக்கிப் பாத்தேன், என்னாலயும் முடியல. மிஸ்ஸி சொன்னதுக்கு அப்பறமும் நான் ஒளிச்சு ஒளிச்சு அவளுக்கு டின் பாலு குடுத்துக்கிட்டுதான் இருந்தேன் ஆத்தா."

மோகனா கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். "நான் வீட்டுல சோத்தக் கொறைச்சேன் ஆயா. அவ அழுவுறா, நானும் அழுவுறேன். அப்படியும் கொறையலயே, எனக்குத்தான் பிள்ள வளக்கத் தெரியலயோன்னு ராத்திரியெல்லாம் கெடந்து நெனைச்சேன். நீங்க இங்க ஊட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க." மகளின் கையைப் பிடித்து எழுப்பினாள். "நாளையிலேருந்து அவளை அடுப்படிக்குள்ள விடாதீங்க. டீச்சர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க விடாதீங்க, அது போதும்."

அவர்கள் இறங்கிப் போனார்கள். வேலாயி மேலே போய் விளக்கைப் போட்டாள். இரண்டாவது தட்டு அலமாரியிலேயே இருந்தது.

மறுநாள் காலை பவானி வழக்கம்போல முற்றத்திலிருந்து திரும்பி வந்தாள். அடுப்படி வாசலில் வேலாயி நின்றாள். வாளியைக் காணோம், அதைக் காலையிலேயே நிமிர்த்தித் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டாள். பவானி உள்ளே எட்டிப் பார்த்தாள், பிறகு வேலாயியின் முகத்தைப் பார்த்தாள். "நீங்களும் போகச் சொன்னா எங்க ஆயா போவேன்?" என்று அந்த முகம் கேட்டது.

அந்த இடத்தில் வேலாயிக்கு என்ன தோன்றியதோ, அடுப்பை அணைத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். பவானியின் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கி, "இன்னைக்கு நாந்தான் பிடிக்கிற ஆளு," என்றாள்.

பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். ஆயா ஓடுவதாவது? ஆயா ஓடினாள். ஓட்டமென்று அதைச் சொல்லக் கூடாது. வாத்து சந்தைக்குப் போவது மாதிரி ஒரு போக்கு. முட்டி இரண்டும் கழன்றுவிடும்போல இருந்தது. பிரவினைத் துரத்தினால் அவன் நான்கு சுற்று சுற்றி வந்து பின்னாலிருந்து சேலையை இழுத்தான். டீச்சர் வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் ஒன்று நடந்தது. வேலாயி பவானியைத் துரத்தினாள், பவானி ஓடினாள், வேலாயியால் பிடிக்க முடியவில்லை. உண்மையாகவே முடியவில்லை; நடிக்க அவளுக்குத் தெம்பேது? அந்த முற்றத்தில் பவானியைவிட மெதுவாக ஓடுகிற ஒரு ஜீவன் கிடைத்துவிட்டது.

"ஆயாவால என்னைப் புடிக்க முடியல!" என்று பவானி சொன்னாள். அவள் அப்படிச் சிரித்து வேலாயி பார்த்ததில்லை, கை நிறைய ரொட்டி கொடுத்த நாளில்கூட.

அதிலிருந்து தினமும் சோறு உலையில் ஏறியதும் வேலாயி முற்றத்துக்கு இறங்கினாள். பவானியை யார் பிடித்தாலும் அவள் திரும்பி ஆயாவைப் பிடித்துவிடலாம் என்பது ஆட்டத்தில் ஒரு சட்டமாகிவிட்டது. முதலில் முற்றத்தின் பாதி ஓடினாள். பிறகு ஒரு சுற்று. மேல்மூச்சு வாங்கினால் வந்து குழாயடியில் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி ஓடினாள். தொட்டிக்கு அடியில் இருந்த டின்னை வேலாயி குப்பையில் போட்டுவிட்டாள். மத்தியானம் பவானியின் தட்டில் கீரையும் வெண்டைக்காயும் ஒரு கை சோறும் வைத்து, அவள் சாப்பிடுகிற நேரம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தட்டு காலியான பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அதற்கு அவள் எதையும் ஊட்ட வேண்டியிருக்கவில்லை.

மழைக்காலம் வந்து போனது. ஒரு காலையில் பவானி பிரவினின் சட்டையை எட்டிப் பிடித்துவிட்டாள். அவன் கால் தடுக்கியதும் ஒரு காரணம்தான், இருந்தாலும் பிடித்தது பிடித்ததுதான். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அன்றிலிருந்து பவானி ஆயாவைப் பிடிக்கத் திரும்பவில்லை. அது அவளுக்கு ஒரு ஆட்டமாகவே படவில்லை. வேலாயி முற்றத்தின் நடுவில் முந்தானையைச் செருகியபடி சும்மா நின்றாள். பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

"ஆயா, நீங்க போய் சோத்தப் பாருங்களேன், அடி புடிக்குது," என்றார் டீச்சர்.

போனாள். அடி பிடிக்கவில்லை. அடுப்படி ஜன்னலுக்கு வெளியே காலடிச் சத்தம் வந்தது, போனது. ஒன்றுகூட நிற்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். சந்தோஷம்தானே பட வேண்டும், என்ன ஜென்மம் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள்.

அடுத்த எடை நாளுக்கு வேலாயி தலைக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. தினம் கட்டுகிற சேலையோடு வந்து, தினம் வைக்கிற கஞ்சியை வைத்தாள். வாணி மிஸ்ஸி பவானியைத் தராசில் ஏற்றினார், சுவரோடு நிற்க வைத்து உயரமும் பார்த்தார். "எடை அப்படியே நின்னிருக்கு டீச்சர். பிள்ள உசந்திருக்கா. இதேதான் வேணும்," என்றார். டீச்சர் முகம் மலர்ந்தார். பவானி அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். சமைக்கிறது யார் என்று யாரும் கேட்கவில்லை. வேலாயி கதவோரத்திலிருந்து திரும்பிப் போய்க் கீரையை ஆய்ந்தாள்.

அந்த வாரத்திலேயே மோகனா ஒரு நாள் காலையில் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "ஆயா, இன்னைக்கு ஓவர்டைம் இருக்கும்போல. கொஞ்ச நேரம் உங்க வீட்டுல வச்சிக்கிறீங்களா?"

"வச்சிக்கிறேன் ஆத்தா," என்றாள் வேலாயி.

சாயங்காலம் கடையில் இரண்டு கொய்யாப்பழம் வாங்கினாள். அடுக்குமாடிக்கு வந்ததும் பவானி அவள் கையை உதறிவிட்டு முன்னால் ஏறினாள். கைப்பிடியைத் தொடவேயில்லை. படி திரும்பும் இடத்தில் ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினாள், அவ்வளவுதான். பிறகு செருப்புச் சத்தம் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. வேலாயி அந்தத் திருப்பத்துக்கு வந்தபோது முட்டி கெஞ்சியது. முன்பு பவானி உட்கார்ந்த அதே படியில் உட்கார்ந்தாள்.

"ஆயா!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "நான் உங்க கதவுகிட்ட வந்துட்டேன். சீக்கிரம் வாங்க லா."

வேலாயி பதில் சொல்லவில்லை. அந்த வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்று அவளை யாரும் இதுவரை கூப்பிட்டதில்லை.

"ஆயா, எங்க இருக்கீங்க? வாங்க ஆயா."

மூச்சு எப்போதோ திரும்பிவிட்டது. முட்டியும் பரவாயில்லை. எழுந்து போயிருக்கலாம். இன்னும் ஒரே ஒரு தரம் கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டது. இன்னும் கொஞ்சம் என்று உட்கார்ந்திருந்தாள்.

கீழே மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்தது. மோகனாவுக்கு ஓவர்டைம் சீக்கிரம் முடிந்துவிட்டதுபோல. செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கி வந்தது. பவானி அவள் தோளைத் தொட்டு, "அம்மா வந்துட்டாங்க ஆயா, நாளைக்கு வரேன்," என்று சொல்லிக்கொண்டே அவளைக் கடந்து ஓடினாள். தூக்க முடியாதபடி கனத்த பிள்ளை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே படி திரும்பி மறைந்துவிட்டது.

மோட்டார் சைக்கிள் போகும் சத்தம் கேட்கும்வரை இருந்துவிட்டு வேலாயி மேலே ஏறினாள். கதவில், அவள் இடுப்பு உயரத்தில், பவானி கை ஊன்றிச் சாய்ந்திருந்த இடத்தில் சின்ன உள்ளங்கையின் வேர்வை ஈரம் இருந்தது. அது காய்கிறவரை வேலாயி சாவியை எடுக்கவில்லை.